ஆசிட் கேனைக் கீழே வைப்போம்

கட்டட வேலை முடிந்தது என்று பொறியாளர் சொல்லும் நாளுக்கும் உரிமையாளர் கைக்குச் சாவி போகும் நாளுக்கும் நடுவே கிடைக்கும் சில நாட்கள்தான், புதுக் கட்டடத்தைச் சுத்தம் செய்யும் நம் தொழிலுக்குரிய காலம். பெயிண்ட் வேலை இழுத்தாலும் மின்வேலை இழுத்தாலும் குறைவது அந்த நாட்கள்தான். அவசரத்தில் கை ஆசிட் கேனைத் தேடுகிறது. அந்தமானில் வேலை செய்யும் நாம் இந்தப் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும்.

சிமெண்ட் கறையை அரிக்கும் ஆசிட், டைல்ஸ் இடுக்கில் நிரப்பிய சிமெண்ட் கிரவுட்டையும் சேர்த்தே அரிக்கும். அதன் புகை ஸ்டீல் குழாயிலும் அலுமினியச் சட்டத்திலும் படியும். உப்புக்காற்று மெல்லச் செய்யும் வேலையை அது சீக்கிரம் முடித்துவிடும். பளபளவென்று ஒப்படைத்த குளியலறைக் குழாயில் சில வாரங்களிலேயே பழுப்புப் புள்ளிகள் தோன்றுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதை மாற்றச் சரக்கு கடல் தாண்டி வர வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்தும், தனிக்காரி அணையைப் பெரிதும் நம்பியிருக்கும் தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்தில் கோடை வந்தால் குழாய்த் தண்ணீருக்குத் தட்டுப்பாடுதான். ஆசிட் ஊற்றிய தரையை வாளி வாளியாகக் கழுவுவது இங்கே நியாயமாகாது.

மாற்று வழி கடினமானதல்ல. காய்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்கினால் சிலிக்கா துகள் நுரையீரலுக்குள் போகும். நுண்வடிகட்டி உள்ள வேக்குவம் வேண்டும், இல்லையேல் லேசாக நீர் தெளித்தபின் பெருக்க வேண்டும். கூரையில் தொடங்கித் தரையில் முடிக்க வேண்டும். கண்ணாடியை நனைக்காமல் துணி வைக்கக் கூடாது. ஒரு மணல் துகள் போதும், கீறல் நிரந்தரம். டைல்ஸ் மேல் காய்ந்த கலவைப் பொட்டின்மீது ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டுவைத்து, பிளாஸ்டிக் ஸ்கிராப்பரைச் சாய்த்துத் தள்ளினால் பெரும்பாலும் பெயர்ந்து வரும். வராத இடத்தில் மட்டும் நீர்த்த சல்ஃபாமிக் அமிலம். மார்பிளில் அதுவும் கூடாது. எந்த அமிலத்தையும் பிளீச்சிங்குடன் சேர்க்கவே கூடாது. எழும் குளோரின் வாயு உயிரைப் பறிக்கும்.

2023 ஜூலை 18 அன்று திறக்கப்பட்ட, ஸ்ரீ விஜயபுரத்தின் சிப்பி வடிவ விமான நிலைய முனையம் மட்டுமே சுமார் 40,800 சதுர மீட்டர். இத்தனை பெரிய கட்டடங்கள் எழும் தீவில் வாளியையும் ஆசிட்டையும் வைத்துக்கொண்டு தொழில் நடத்த முடியாது.

அடுத்த கொட்டேஷனில் மூன்று வரிகளைக் கட்டாயம் எழுதுங்கள்: சுத்தம் செய்ய எத்தனை நாள், எத்தனை லிட்டர் தண்ணீர், கழுவிய நீர் எங்கே போகும். சிமெண்ட் கலந்த நீரில் காரம் அதிகம். அதை டிரம்மில் தெளியவிட்டு, வண்டலை இடிபாட்டுக் கழிவோடு அனுப்புங்கள். ஓடையில் விட்டால் அது சேருமிடம் நம் கடல்தான்.