பேவர் பிளாக்குக்கு அடியில்

ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் வரை தொழிற்சாலை மதில்களுக்கு உள்ளே பச்சை தெரிகிறது. சுற்றுச்சூழல் அனுமதியின் பசுமைப் பரப்பு நிபந்தனை அங்கே வேலை செய்கிறது. மதிலுக்கு வெளியே லாரி நிறுத்தம், டீக்கடை முகப்பு, வாடகை அறைகளின் முற்றம் எல்லாம் பேவர் பிளாக் அல்லது கான்கிரீட். அதைப் பெயர்த்துத் தோட்டம் போட விரும்பும் தன்னார்வக் குழுக்கள் நம்மிடம் முதலில் கேட்பது, "என்ன கன்று வைக்கலாம்?"

அது கடைசியில் கேட்க வேண்டியது. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 'டீபேவ்' குழுவினர் தளத்தைப் பெயர்ப்பதையே இயக்கமாக்கினார்கள். நெதர்லாந்தில் 2020இல் ஆம்ஸ்டர்டாமும் ராட்டர்டாமும் யார் அதிகம் தரைக்கல் எடுப்பது என்று போட்டி போட்டன. நம் ஒரகடம் வழித்தடத்தில் கல்லை எடுப்பது எளிது, சிக்கல் கீழே இருப்பதில்தான். அதற்கடியில் மணல், அதற்கும் கீழே ரோலர் போட்டு இறுக்கிய ஜல்லிப் படுகை. கனரக வண்டி நிற்குமிடத்தில் இன்னும் கனமாக இருக்கும். வேர் அதில் இறங்காது, நீரும் இறங்காது. அங்கே ஓரடிக் குழி தோண்டி வைத்த புங்கன், ஓட்டையில்லாத தொட்டியில் நட்டது மாதிரிதான்: ஐப்பசியில் அழுகும், சித்திரையில் கருகும். ஜே.சி.பி. வைத்துப் பழைய மண் தெரியும்வரை எடுத்தாக வேண்டும். அதற்கு முன் மின்கம்பி, குடிநீர்க் குழாய் எங்கே போகிறதென்று கேட்டுக்கொள்வது நல்லது. எடுத்த இடிபாட்டை ஏரிக்கரையில் கொட்டுவதற்குப் பதில், தோட்டமே போடாமலிருக்கலாம். ஏரியில் நீருக்கு இடம் வேண்டும்: 2015 டிசம்பரில் மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி அடையாற்றில் இறங்கியதை இந்தப் பகுதி பார்த்திருக்கிறது.

அதே அடையாற்றின் கீழ்க்கோடியில், குப்பை கொட்டிக்கிடந்த நிலத்தில் 'நிழல்' அமைப்பு 2006இல் தொடங்கியது கோட்டூர்புரம் மரப்பூங்கா. அது நின்றதற்குக் காரணம் நட்ட நாளில் வந்த கூட்டமல்ல, அதன்பின் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருந்த கைகள்தான். ஆனால் கோட்டூர்புரத்தில் குடியிருப்பவர்கள் இருந்தார்கள். ஒரகடத்தில் இருப்பவர்கள் ஷிப்ட் தொழிலாளர்கள். ஒப்பந்தம் முடிந்தால் அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் தலையில் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைச் சுமத்துவது நியாயமுமல்ல, நடக்கவும் நடக்காது.

ஆகவே தோட்டத்துக்குச் செலவு மதிப்பீடு எழுதும் நம் உறுப்பினர்கள் கன்று விலைக்கு முன் இரண்டு வரிகளைச் சேர்க்கட்டும்: ஒன்று, ஜல்லிப் படுகை அகற்றும் செலவு; இன்னொன்று, பக்கத்துத் தொழிற்சாலை தன் சுத்திகரித்த கழிவுநீரை, தரம் சோதித்தபின், இரண்டு கோடைக்குத் தருவதாக எழுத்துப்பூர்வ உறுதி. ஆலை நிர்வாகம் கையெழுத்துப் போடாத இடத்தில் கடப்பாரையை எடுக்க வேண்டாம்.