கட்டை அடுக்கும் சிறாரும் வாய்மூடிய பெற்றோரும்

டிஸ்ட்ரிக்ட் தொடருந்துப் பாதையில் வெஸ்ட்ஹாமுக்கும் அப்டன்பார்க்குக்கும் இடையே அமைந்துள்ளது பிளேஸ்டோ. (ஊர்மக்கள் இதனைப் ‘பிளாஸ்டோ’ என்றே ஒலிப்பர். புதிதாய் வந்தவரை இனங்காண அவர்களுக்கு அதுவே போதும்.) இப்பகுதியை உள்ளடக்கிய நியூஹாமில் எமது இளங்குடும்பங்கள் பலவும் சிறிய மாடி வீடுகளிலேயே வாழ்கின்றன. இரவுவேலை முடித்துத் திரும்பிய தந்தை பகலில் உறங்க வேண்டும். மரக்கட்டை தரையில் விழுந்தால் கீழ்வீட்டார் முறையிடுவர். இந்நிலையில், ஓசையின்றிக் கட்டடம் கட்டவும் துண்டுப்படம் பொருத்தவும் உதவும் தொடுதிரைச் செயலியொன்றை மூன்று வயதுப் பிள்ளையின் கையில் தாய் கொடுப்பாராயின், அவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும், இச்செயலிகள் எமது சிறாருக்கு எதனைக் கற்பிக்கின்றன, எதனைக் கற்பிக்காமல் விடுகின்றன என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும்.

அடுக்கியும் பொருத்தியும் கற்கும் முறை புதியதன்று. துண்டுப்படம் பிறந்த இடமே இலண்டன்தான். 1760களில் ஜோன் ஸ்பில்ஸ்பரி என்னும் நிலப்பட வரைஞர், நிலப்படங்களைப் பலகையில் ஒட்டி நாட்டெல்லைகளின் வழியே அறுத்து, பிள்ளைகள் புவியியல் கற்பதற்கென விற்றார். 1837இல் ஜேர்மனியில் குழந்தைப் பாடசாலை தொடங்கிய ஃப்ரோபல், மரக்கட்டைகளையே முதன்மைக் கல்விக்கருவியாக்கினார். மரியா மொண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். எமக்கோ இது இன்னும் பழையது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஆண்பாற்குரியவற்றுள் ஒன்று ‘சிற்றில்’. சிறுமியர் மணலில் கட்டிய சிறுவீட்டைச் சிதைக்க வேண்டாமெனப் பாட்டுடைத் தலைவனை வேண்டும் பருவம் அது. கட்டுதலும் சிதைதலும் குழந்தைமைக்கு இயல்பென எமது புலவர் என்றோ கண்டிருந்தனர்.

சிதைதல் என்றேன். செயலிகள் பலவற்றில் குறைவுபடுவது அதுவே. மொண்டிசோரியின் இளஞ்சிவப்புக் கோபுரத்தில் பத்துக் கனசதுரங்கள் உள்ளன. சிறியதன் பக்கம் 1 சென்ரிமீற்றர், பெரியதன் பக்கம் 10 சென்ரிமீற்றர். ஆகவே பெரியதன் கனவளவு சிறியதைப்போல் ஆயிரம் மடங்கு. பெரியதைத் தூக்க இரு கைகளும் வேண்டும், சிறியதைப் பற்ற இரு விரல்கள் போதும். இந்த வேறுபாட்டைப் பிள்ளை கணக்கறியுமுன்னே கையால் அறிந்துகொள்கிறது. திரையிலோ பெரிய கட்டையும் சிறிய கட்டையும் ஒரே விரலுக்கு ஒரே பாரம். துண்டு இடத்தை அண்மித்ததும் தானே போய் ஒட்டிக்கொள்கிறது. தவறாக வைத்தால் மெல்லத் திரும்பி வருகிறது. சாய்ந்து விழுந்து, ஏன் விழுந்தது என்று பிள்ளை வியக்கும் வாய்ப்பு அங்கே மிகச் சிறிது.

இக்குறை எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் பொது. எமது பிள்ளைகளுக்கு இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. அது மொழி தொடர்பானது.

கட்டை விளையாட்டின் பயன் பாதி கையிலென்றால் பாதி வாயிலுண்டு. சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பெற்றோர் உருவம், அளவு, இடம் பற்றிய சொற்களை மிகுதியாகப் பேசிய வீடுகளில் பிள்ளைகளும் அவற்றை மிகுதியாகப் பேசினர் என்றும், அவ்வாறு பேசிய பிள்ளைகள் பின்னர் இடஞ்சார்ந்த சிந்தனைப் பயிற்சிகளில் சிறந்து நின்றனர் என்றும் கண்டனர். செயலி இச்சொற்களைப் பேசாமலில்லை. இனிய குரலில், இடைவிடாது, ஆங்கிலத்தில் பேசுகிறது. அது பேசுவதால் தாய் மௌனமாகிவிடுகிறார். அம்மௌனத்தில் மேல், கீழ், நடு, ஓரம், மூலை, இடுக்கு என்னும் சொற்கள் பிள்ளையின் காதுக்கு எட்டாமலே போகின்றன. திருப்பு, புரட்டு, கவிழ்த்து, நிமிர்த்து, செருகு என்னும் வினைகளும் அவ்வாறே.

தமிழில் இது வெறும் சொல்லிழப்போடு நிற்பதில்லை. எமது மொழியில் இடத்தைக் குறிக்கும்போது பெயர்ச்சொல்லே உருமாறுகிறது. மரம் ‘மரத்துக்கு மேலே’ ஆகிறது, வீடு ‘வீட்டுக்குள்ளே’ ஆகிறது, ஆறு ‘ஆற்றுக்கு அந்தப்பக்கம்’ ஆகிறது. ஆற்றின் குறுக்கே பாலமொன்று கட்டி, அதன்மேல் வண்டியோட்டி, அக்கரையில் வீடொன்றை வைக்கும் விளையாட்டில் தாய் உடனிருந்து பேசினால், வேற்றுமை உருபும் சாரியையும் பெயரறியாமலே பிள்ளையின் நாவில் படிந்துவிடும். பேசாவிடின் அப்பிள்ளை ‘வீடு உள்ளே’, ‘மரம் மேலே’ என்றே வளரும். பத்து வயதில் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர் அதனைக் கரும்பலகையில் எழுதித் திருத்தப் படும் பாட்டை நாம் அறிவோம்.

‘பள்ளியில் பின்தங்கிவிடுமே, முதலில் ஆங்கிலம் வரட்டும்’ என்பது பல பெற்றோரின் அச்சம். அவ்வச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. எனினும் இங்கிலாந்தின் பாலர் கல்விக்கான சட்டபூர்வக் கட்டமைப்பே வேறு விதமாகக் கூறுகிறது. வீட்டுமொழி ஆங்கிலமல்லாத பிள்ளைகள் விளையாட்டிலும் கற்றலிலும் தம் மொழியைப் பயன்படுத்தவும் வளர்க்கவும் வாய்ப்பளிக்கத் தக்க நடவடிக்கை எடுத்தல் பாலர் நிலையங்களின் கடமையென அது விதித்துள்ளது. அதேவேளை ஆங்கிலத்திலும் நல்ல அடித்தளம் வேண்டுமென்கிறது. இக்கடமையை நினைவூட்டி, பெற்றோர் நிலையத்தில் கேட்கலாம். கட்டை மூலையில் ஒட்டுவதற்குப் பத்துத் தமிழ்ச் சொற்களை எழுதிக் கொடுத்தால் மறுக்கும் ஆசிரியர் அரிதாகவே இருப்பர். இன்னொன்றும் கவனத்துக்குரியது. 2021 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், உருவமும் இடமும் அளவும் பற்றிய தனி இலக்கு ஐந்து வயது மதிப்பீட்டிலிருந்து நீக்கப்பட்டது. பாடத்திட்டத்தில் அது இன்னும் உண்டு. ஆனால் மதிப்பிடப்படாத ஒன்றுக்கு வகுப்பறையில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது ஐயத்துக்குரியது. வீட்டின் பங்கு அதனால் கூடியுள்ளதேயன்றிக் குறையவில்லை.

செயலியை விலக்கவேண்டும் என்பது எமது கருத்தன்று. அதன் குரலை அடைத்துவிடுங்கள். சொற்களின்றியே ஆடக்கூடிய செயலியைத் தெரிவுசெய்யுங்கள். பத்து நிமிடமாயினும் அருகமர்ந்து, பிள்ளை செய்வதைத் தமிழில் சொல்லுங்கள். வினாக்கூடத் தேவையில்லை, வர்ணனை போதும். யாழ்ப்பாணத்திலுள்ள அம்மம்மா காணொளி அழைப்பில் வந்து ‘அந்தச் சிவப்புக் கட்டையை இஞ்சால வை குஞ்சு’ என்றால் அதைவிடச் சிறந்த குரல் எந்த நிறுவனத்தாலும் தரவியலாது. மூன்று, நான்கு வயதினருக்கு அமர்ந்த நிலையில் திரைநேரம் நாளொன்றுக்கு ஒரு மணியைத் தாண்டலாகாது, குறைந்தால் நன்று என உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியதையும் மறவாதீர். விளம்பரமும் கொள்முதல் பொத்தானும் உள்ளவற்றை முற்றாகத் தவிருங்கள். பிள்ளைகள் அழுத்திய பொத்தான்களுக்காக ஆப்பிள் நிறுவனம் 2014இல் அமெரிக்காவில் குறைந்தது 32.5 மில்லியன் டொலரைத் திருப்பிக் கொடுக்க இணங்க நேர்ந்தது.

கணினித்துறை பயிலும் எமது இளையோருக்கும் ஒரு வேண்டுகோள். தமிழுக்கென வெளிவரும் சிறார் செயலிகளில் நாம் கண்டவை பெரும்பாலும் அகரவரிசையையே சுற்றி வருகின்றன. மூன்று வயதுப் பிள்ளைக்கு 247 எழுத்துக்கு அவசரமில்லை. ஆற்றுக்கு மேலே பாலம் கட்டவிட்டு, கட்டும்போது எமது பேச்சுத்தமிழில் உடன்பேசும் எளிய செயலியொன்றை ஓர் ஆண்டுத் திட்டவேலையாக எவரேனும் எடுக்கலாகாதா? குரல் கொடுக்க எமது மூத்தோர் ஆயத்தமாகவே உள்ளனர்.

அதுவரை, காலையுணவுத் தானியப் பெட்டியின் அட்டையில் பழைய நாட்காட்டிப் படமொன்றை ஒட்டி ஆறு துண்டாக வெட்டினால், அதுவும் ஸ்பில்ஸ்பரி செய்ததுதான். அது விழுந்தாலும் கீழ்வீட்டாருக்குக் கேட்காது.