மிரட்டலுக்கு எந்தச் சொல்?

இத்தாலிய எழுத்தாளர் பிரீமோ லேவியின் ‘லா த்ரேகுவா’ 1963-இல் வெளிவந்தது. பிரிட்டிஷ் பதிப்பு அந்தத் தலைப்பைப் ‘போர்நிறுத்தம்’ என்ற பொருளிலேயே வைத்துக்கொண்டது. அமெரிக்கப் பதிப்போ ‘மறுவிழிப்பு’ என்று மாற்றிவிட்டது. அந்த மாற்றத்தை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. லேவி அடைபட்டிருந்த ஆஷ்விட்ஸ் நாஜி முகாமுக்குள் சோவியத் படை வந்தது 1945 ஜனவரி 27. அவர் தூரின் நகரத்தில் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது அக்டோபர் 19. நடுவில் ரயில் போன போக்கில் நாடு நாடாக அலைந்த மாதங்களைத்தான் அவர் த்ரேகுவா என்கிறார். முகாமில் பட்டதற்கும், வீடு திரும்பிய பின் அந்த நினைவோடு படப்போவதற்கும் இடையில் கிடைத்த அவகாசம் அது. கடைசிப் பக்கத்தில் வீட்டில் படுத்திருப்பவரைக் கனவு திரும்ப முகாமுக்கே இழுத்துப் போகிறது. இதில் மறுவிழிப்பு எங்கே இருக்கிறது?

தமிழில் ‘போர்நிறுத்தம்’ என்றும் போட முடியாது. அதைக் கேட்டதும் இரண்டு தரப்பு, ஒரு மேசை, கையெழுத்து என்றுதான் நமக்குத் தோன்றும். இத்தாலியில் அதற்கு ஆர்மிஸ்தீட்சியோ என்று தனிச் சொல் இருக்கிறது. 1943 செப்டம்பர் 3-ஆம் தேதி சிசிலியின் காசிபிலேயில் நேச நாடுகளோடு கையெழுத்தானது அதுதான். 8-ஆம் தேதி மாலை பிரதமர் பதோல்யோ வானொலியில் அறிவித்ததும் சண்டை முடிந்தது என்று பலர் கொண்டாடினார்கள். மறுநாள் அதிகாலையில் அரசரும் பிரதமரும் ரோமை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். தெளிவான உத்தரவு இல்லாமல் நின்ற இத்தாலியப் படையினரில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஜெர்மானியர்கள் பிடித்து முகாம்களில் அடைத்தார்கள். ‘செப்டம்பர் எட்டு’ என்றாலே இத்தாலியர்களுக்கு இன்றும் தலைமை கைவிட்ட நாள்தான்.

த்ரேகுவா வீட்டுக்குள் புழங்கும் சொல். வலி த்ரேகுவா கொடுக்காது. மழை த்ரேகுவா இல்லாமல் கொட்டும். நம்முடைய ‘ஓய்தல்’ அதற்கு நெருக்கமானது. ஆனால் ‘ஓய்வு’ என்று அட்டையில் போட்டால் வாசகர் மனம் பணி ஓய்வுக்குப் போய்விடும். இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் செய்த 2002 பிப்ரவரி உடன்படிக்கைக்குப் பிறகு வந்த சில ஆண்டுகளை ஈழத்தில் ‘சமாதான காலம்’ என்பார்கள். முன்னாலும் யுத்தம், பின்னாலும் யுத்தம் என்பது அந்தக் ‘காலம்’ என்ற ஒட்டிலேயே தெரிந்துவிடுகிறது. லேவியை மொழிபெயர்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் அதையே தலைப்பாக வைப்பேன்.

‘கொன்ஃப்ளித்தோ ஆ ஃபுவோக்கோ’ என்ற இத்தாலியத் தொடரை மொழிபெயர்க்க இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. 1950 ஜூலை 5-ஆம் தேதி சிசிலியின் கொள்ளைக்காரன் சல்வத்தோரே ஜூலியானோ அப்படித்தான் செத்தான் என்று போலீஸ் சொன்னது. தொம்மாசோ பெசோட்சி என்ற பத்திரிகையாளர் நேரில் போய் விசாரித்து, ஆள் செத்தது ஒன்றுதான் நிச்சயம் என்று எழுதினார். அகராதியில் ‘துப்பாக்கிச் சண்டை’ என்றிருக்கும். ‘என்கவுன்டர்’ என்று எழுதினால் நம் வாசகர்களுக்கு வேறு விளக்கமே வேண்டாம்.

மிரட்டல்தான் கஷ்டம். மினாச்சா என்ற சொல்லுக்கு மிரட்டல், அச்சுறுத்தல் என்று நம்மிடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் மாஃபியா தன் மிரட்டலை அந்தப் பெயரில் அனுப்புவதில்லை. அவ்வெர்த்திமென்தோ, அதாவது எச்சரிக்கை என்ற பெயரில்தான் அனுப்பும். காலையில் கடையைத் திறக்க வந்தால் ஷட்டர் பூட்டுக்குள் பசை ஊற்றியிருக்கும். கேட்கிற காசுக்குப் பெயர் பிட்ஸோ. அதை ‘மாமூல்’ என்று எழுதலாம், ஓரளவுக்கு. நம் மாமூல் போலீஸுக்கும் போகும், பேட்டை ரவுடிக்கும் போகும் என்பதால் முழுசாகப் பொருந்தாது. ‘மெத்தெர்சி ஆ போஸ்தோ’, ஒழுங்குபடுத்திக்கொள்வது, என்று ஒரு பேச்சு உண்டு. அதற்கு மட்டும் ‘கவனிக்க வேண்டியவங்களைக் கவனிச்சுடுங்க’ என்பது அச்சாகப் பொருந்துகிறது.

பலெர்மோவில் உள்ளாடையும் பைஜாமாவும் தைக்கும் ஆலை நடத்திய லீபெரோ கிராஸி, கவனிக்க மறுத்தார். 1991 ஜனவரி 10-ஆம் தேதி ‘ஜொர்னாலே தி சிசிலியா’ நாளிதழில், காசு கேட்பவனுக்கே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். மிரட்டல் தொலைபேசி அழைப்புகளும் வெடிகுண்டு, தோட்டா வாங்கும் செலவும் வேண்டாம், நாங்கள் தரப்போவதில்லை, போலீஸ் பாதுகாப்புக்குள் வந்துவிட்டோம் என்பது சாரம். தொழிலதிபர்கள் அவரோடு நிற்கவில்லை. ஆகஸ்ட் 29-ஆம் தேதி காலை வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பியவரைத் தெருவிலேயே சுட்டுக் கொன்றார்கள். அங்கே பளிங்குக் கல்வெட்டு வைக்கக் குடும்பம் சம்மதிக்கவில்லை. ஆண்டுதோறும் அதே நாளில், கையால் எழுதிய தாளைச் சுவரில் ஒட்டுகிறார்கள். கொன்றவர்கள் யார் யார் என்று அதில் இருக்கிறது: மாஃபியா, தொழிலதிபர் சங்கத்தின் மௌனம், கட்சிகளின் அலட்சியம், இல்லாமல் போன அரசு.

அந்தக் கடிதத்தில் தன் நோக்கத்தைச் சொல்ல கிராஸி எடுத்துக்கொண்ட வினை ‘அவ்வெர்த்திரே’. மாஃபியாவின் அவ்வெர்த்திமென்தோ பிறந்த அதே வினை. நம் கடித வழக்கப்படி அந்த இடத்தில் ‘தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று எழுதத்தான் கை போகும், மரியாதையாகவும் இருக்கும். கூடாது. அவர்கள் அவருக்கு அனுப்பியதை எச்சரிக்கை என்று எழுதிவிட்டு, அவர் திருப்பி அனுப்பியதை வேறு சொல்லால் எழுதினால் அந்த மனிதர் செய்த காரியமே தமிழில் காணாமல் போய்விடும். ‘எச்சரிக்க விரும்புகிறேன்’ என்றே இருக்கட்டும்.