மடிவீக்கமும் இனிப்பு உருண்டையும்

போடிநாயக்கனூரை அடுத்து, மலையடிவாரத்தில் உள்ளது பொட்டிபுரம். மானாவாரி வெள்ளாமை பொய்த்த ஆண்டிலும் குடும்பத்தைத் தாங்குவது கறவை மாடுதான். அந்த மாட்டுக்கு மடி வீங்கிப் பால் திரிந்து வரும்போது, ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஏறும் அவசரத்தில், நாலு ஹோமியோபதி உருண்டையைக் கொடுத்துவிட்டுப் போனால் போதுமா? இம்மருத்துவத்தின் அடிப்படையை அறிந்தால் விடை கிடைக்கும்.

ஜெர்மானிய டாக்டர் ஹானிமன், 1790-ல் மலேரியாவுக்கு மருந்தான சிங்கோனாப் பட்டையைத் தாமே உட்கொண்டு பார்த்தார். காய்ச்சல் குறிகள் தோன்றின. நோயை ஒத்த குறிகளை உண்டாக்கும் பொருளே அந்நோயைத் தீர்க்கும் என்று முடிவு கட்டினார். வெங்காயம் உரித்தால் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிகிறது. ஆகவே நீர் வடியும் ஜலதோஷத்துக்கு வெங்காய மருந்து. இது முதல் கொள்கை. மருந்தை நீர்க்கச் செய்து குலுக்கக் குலுக்க வீரியம் ஏறும் என்பது இரண்டாவது. நோயாளியின் தன்மையைப் பார்த்து ஒரே மருந்தைத் தேர்வது மூன்றாவது.

ஒரு பங்கு மருந்துக்கு 99 பங்கு சாராயம். அந்தக் கலவையில் ஒரு பங்குக்கு மீண்டும் 99. இப்படி 30 முறை செய்ததே கடையில் கிடைக்கும் '30' வீரியம். 12 முறை தாண்டினாலே மூலப்பொருள் மிஞ்சாது என்கிறது ரசாயனக் கணக்கு. சிங்கோனாவின் கதையும் வேறாக முடிந்தது. அதிலுள்ள கொயினா மலேரியாக் கிருமியைக் கொல்வதாலேயே காய்ச்சல் நிற்கிறது. குறிகள் ஒத்திருப்பதால் அல்ல. எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதாக நம்பத்தக்க சான்று இல்லை என்று ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வுக் குழு 2015-ல் அறிவித்தது.

திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதிக் கல்லூரியே நடக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். டாக்டர் நிதானமாக விசாரிப்பதும், செலவு குறைவதும், பாலில் மருந்து தங்காததும் மக்களை ஈர்க்கின்றன. தானே ஆறும் உபாதைக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை.

மடிவீக்கமோ காத்திராது. கிருமி காம்பு வழியே மடிக்குள் ஏறுகிறது. வைத்தியம் தள்ளிப் போனால் அந்தக் காம்பு நிரந்தரமாக வற்றிவிடலாம். கோமாரிக்கும் தடுப்பூசியே காப்பு. மடி வீங்கிய அன்றே கெட்ட பாலை முழுதும் கறந்து அகற்றிவிட்டு, கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். ஊசி போட்டால், டாக்டர் சொல்லும் நாள் வரை பாலை விற்கலாகாது. உருண்டையில் நம்பிக்கை உள்ளவர் கொடுக்கட்டும். ஆனால் கால்நடை டாக்டர் வந்து பார்த்த பிறகு கொடுக்கட்டும்.