பாதியில் நிற்கும் போர்வை

அமெரிக்காவில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பெண்கள் கூடும் இடத்தில் யாராவது ‘யு.எஃப்.ஓ.’ என்று சொன்னால், வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. பரணைப் பார்த்தால் போதும். ஆரம்பித்து முடிக்காமல் போட்டுவைத்த தையல் வேலைக்கு, பறக்கும் தட்டுக்கு உள்ள அதே மூன்றெழுத்தை அவர்கள் செல்லப்பெயராக வைத்திருக்கிறார்கள்.

நம் வீடுகளில் அதற்குப் பெயர் கிடையாது, இடம் மட்டும் உண்டு. பீரோவின் கீழ்த்தட்டில், ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் கட்டைப்பைக்குள் அது இருக்கும். மகள் மாசமாக இருந்தபோது பேரப்பிள்ளைக்கென்று வெட்டிய சதுரத் துண்டுகள். அந்தப் பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கும். இன்னொரு பையில் அம்மாவின் சுங்குடிச் சேலை, பாதி வெட்டியபடி. அம்மா இல்லை. சேலையை மறுபடி ஒட்டவும் முடியாது, மேற்கொண்டு வெட்டவும் மனம் வராது. பை மட்டும் ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கும்போது வெளியே வந்து, தூசி தட்டப்பட்டு உள்ளே போகும்.

சோம்பல்தான் காரணம் என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்வார்கள். அது உண்மையில்லை. வேலை நின்றிருக்கும் இடத்தைப் பார்த்தாலே தெரியும். ஒட்டுத்துணிப் போர்வைக்கு மூன்று அடுக்கு. துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு அல்லது மெத்தென்ற துணி, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்து, ஓரத்தில் பட்டி வைத்தால்தான் போர்வை. துண்டுகளை இணைப்பது கொண்டாட்டமான வேலை. நிறம் பார்க்கலாம், மாற்றி வைக்கலாம், டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம். மேல்துணி முடிந்த அன்றைக்குத்தான் சிக்கல் வருகிறது. விரிக்க ஹால் முழுவதும் வேண்டும். அடித்துணிக்கும் பஞ்சுக்கும் காசு வேண்டும். மெஷினுக்குள் அந்தப் பொதியை நுழைக்க வேண்டும். அங்கே மடித்து வைத்ததுதான், அப்படியே இருக்கிறது. அமெரிக்காவில் பழைய பொருள் விற்கும் கடைகளிலும் இப்படி மேல்துணியோடு நின்றுபோன நூறு வருடப் பழசு நிறையவே கிடைக்கிறது. ஆக, இது நம் ஊர்க் குற்றம் மட்டுமல்ல.

முதலில் பழைய பைகளைத் தீர்ப்போம். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியே எடுத்து, கட்டிலில் பரப்பிப் பார்க்க வேண்டும். துணி உயிரோடு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய பட்டு மடிப்பு மடிப்பாகக் கீறும். அதை மெஷினில் தைப்பது வீண். அதன் பின்னால் மெல்லிய காட்டன் லைனிங் வைத்துக் கையால் ஓட்டுத் தையல் போட்டால் சுவரில் மாட்டலாம், போர்த்திக்கொள்ள ஆகாது. பனியன் துணியும் சேலைத் துணியும் ஒரே வரிசையில் இணைந்திருந்தால், ஒன்று இழுபடும், ஒன்று நிற்கும். மேல்துணி அலை அலையாக ஆடும். பனியன் துண்டுகளைப் பிரித்துத் தனியாக எடுத்துவிடுவது நல்லது. பிரிக்கச் சலிப்பாக இருந்தால், அந்த வரிசைகளையே வெட்டிவிடலாம்.

அடுத்து, அளவைக் குறைக்கும் துணிச்சல் வேண்டும். பாதியில் நிற்கும் போர்வைகளில் பலவும் டபுள் காட் அளவுக்குத் திட்டமிட்டவை. ஆறு இன்ச் சதுரத்தில் ஒரு ஒற்றைக் கட்டில் போர்வைக்கே, 60-க்கு 90 இன்ச் என்று வைத்தால், 150 துண்டுகள் வேண்டும். 42 துண்டுகளோடு வேலை நின்றிருந்தால் அதை ‘முடியாதது’ என்று ஏன் நினைக்க வேண்டும்? ஆறுக்கு ஏழாக அடுக்கினால் 36-க்கு 42 இன்ச். பிள்ளைக்குப் போர்த்த, பெரியவர்கள் மடியில் போட்டுக்கொள்ள அளவான போர்வை. ஒன்பது துண்டுதான் இருக்கிறதா, திண்டு உறை. நாலு துண்டா, அரிசி டப்பா மேல் போடும் விரிப்பு. யாருக்காக ஆரம்பித்தோமோ அவர்கள் வளர்ந்துவிட்டார்கள் என்றாலும், இன்னொரு வீட்டில் ஒரு பிள்ளை பிறக்கும்.

சிலது மனதுக்கே ஒவ்வாமல் போயிருக்கும். அந்த நிறம் பிடித்த காலம் போய்விட்டது. அதை முடிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தைக்கத் தெரிந்த வேறு யாருக்காவது பையோடு கொடுத்துவிட்டால், அவர் மூன்று நாளில் முடித்துக் கொண்டுவந்து காட்டுவார். கொஞ்சம் வயிற்றெரிச்சலாக இருக்கும், அவ்வளவுதான்.

பிரிந்துபோனவர்களின் துணி வேறு விஷயம். அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவு ஒன்றுக்குள் இருக்கும் சிறிய ஊர் கீஸ் பெண்ட். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் வழிவந்தவர்கள் வாழும் ஊர். அவர்களில் பலரின் குடும்பப் பெயரான ‘பெட்வே’, அங்கே பண்ணை வைத்திருந்த முதலாளியின் பெயர். கிழிந்த வேலை உடைகளையும் சாக்குத் துணியையும் வெட்டி அவ்வூர்ப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரேறின. 2006-ல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் வந்தன. அந்த ஊரின் மிசூரி பெட்வே 1942-ல், கணவர் இறந்த பிறகு, அவருடைய வேலைச் சட்டைகளையும் கால்சட்டைகளையும் எடுத்து ஒரு போர்வை தைத்தார். பதின்ம வயது மகள் அர்லோன்சியா கூட இருந்து துணி கிழித்துக் கொடுத்தார். கணவரை நினைத்துக்கொண்டு அதற்குள் படுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அம்மாவின் எண்ணம் என்று மகள் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வெளுத்த நீலமும் பழுப்புமாக நீளத் துண்டுகள், அவ்வளவுதான். அந்தத் துணியை அவர் பெட்டியில் பூட்டிவைக்கவில்லை. படுத்துத் தூங்கினார்.

அம்மாவின் பாதிச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம். சிறு சிறு துண்டாக நறுக்க மனம் வரவில்லையென்றால் நறுக்க வேண்டாம். முந்தானையை நடுவில் முழுசாக வைத்து, சுற்றிலும் மற்றத் துணிகளை அகலப் பட்டியாகத் தைக்கலாம். அதைப் பார்க்கும் பேத்திக்கு இது எந்தச் சேலை என்று அடையாளம் தெரியும். அது முக்கியம்.

இனி அந்த மூன்று அடுக்கு. ஹால் தரையைத் துடைத்து, அடித்துணியின் உள்பக்கம் மேலே தெரியும்படி விரித்து, சுருக்கமில்லாமல் நாலு பக்கமும் செலோடேப் ஒட்ட வேண்டும். அதன் மேல் நடு அடுக்கு, அதன் மேல் துண்டுத்துணி. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, ஒரு உள்ளங்கை இடைவெளிக்கு ஒரு ஊக்கு. ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் நடுவில் கொப்புளம் நிற்கும், அதை அப்புறம் எதுவும் செய்ய முடியாது. நடு அடுக்குக்குக் கடைப் பஞ்சுதான் வேண்டும் என்பதில்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பஞ்சு சரி. சென்னையிலும் மதுரையிலும் அதைப் போர்த்திக்கொண்டால் பாதி ராத்திரியில் காலால் எட்டி உதைத்துவிடுவார்கள். பழைய எட்டு முழ வேட்டியை மடித்து வைத்தால் ஏ.சி. குளிருக்குப் போதும்.

மெஷினில் மூன்று அடுக்கையும் தைக்க வசதி இல்லாதவர்கள் முடிச்சுப் போட்டே முடிக்கலாம். இலவம்பஞ்சு மெத்தையில் இடைவெளி விட்டுக் கயிறு இழுத்து முடிச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்போம், அதே வேலைதான். தடித்த பருத்தி நூலை மூன்று அடுக்கிலும் குத்தி மேலே கொண்டுவந்து, நாலு இன்ச்சுக்கு ஒன்றாக இரட்டை முடிச்சு. அமெரிக்காவிலும் பழங்காலத்திலிருந்தே இப்படிக் கட்டி முடிக்கிற வழக்கம் உண்டு. நுணுக்கமான தையலை எதிர்பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். பத்து வருடமாகப் பையில் கிடந்தது ஒரு மத்தியானத்தில் போர்வையாகிவிடும். சிறு குழந்தைக்கென்றால் மட்டும் முடிச்சு வேண்டாம், வாயில் வைத்து இழுக்கும். அதற்கு ஓட்டுத் தையலே போடுங்கள்.

பழசு ஒன்றாவது முடிந்த பிறகு புதிதைத் தொடலாம். இங்கேதான் நம் பக்கத்து மாநிலத்துப் பெண்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. வட கன்னட மாவட்டத்தின் காட்டோர ஊர்களில் வாழும் சித்தி மக்கள், நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்தவர்களின், அதிலும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்த் என்று பெயர். அவர்கள் மேல்துணியைத் தனியாகத் தைப்பதில்லை. முதலிலேயே ஒரு பழைய சேலையை அடித்துணியாக விரித்துவிடுகிறார்கள். ஒரு மூலையில் ஆரம்பித்து, துண்டின் ஓரத்தை விரலால் மடித்து, அடித்துணியோடு சேர்த்தே ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு ஓரமாகவே சுற்றி வருவார்கள். சுற்று சுற்றாக உள்ளே நகரும். நடுவில் கடைசித் துண்டு உட்கார்ந்ததும் போர்வையின் உடம்பு முடிந்தது. நாலு மூலையிலும் துணியை மடித்து மடித்து முக்கோணமாகத் தைத்த ‘பூ’ வைப்பார்கள். பூ இல்லாத கவந்த் அவர்கள் கண்ணுக்குக் குறையாகப் படும்.

இந்த முறையில் ‘மேல்துணி முடிந்தது, மற்றது பிறகு’ என்று மடித்து வைக்கவே வழியில்லை. ஓரம் முதலிலேயே முடிந்துவிடுகிறது. பெரிய இடம் தேவையில்லை, மெஷின் தேவையில்லை, மடியில் வைத்தே தைக்கலாம். முதல்முறை தைக்கிறவர்கள் இருபது இன்ச் சதுரத்தில், குழந்தைக்கு அடியில் போடும் விரிப்பாக ஒன்று செய்து பார்க்கலாம்.

மெஷினில்தான் தைப்பேன் என்கிறவர்களும் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். துண்டு வெட்டும் முன்பே அடித்துணி, நடுத்துணி, ஓரப்பட்டி மூன்றும் வெட்டித் தயாராக இருக்க வேண்டும். மேலே சொன்ன 36-க்கு 42 அளவுக்கு, ஏறக்குறைய 45 இன்ச் அகலமுள்ள ஒரு சேலையிலிருந்து 40 இன்ச் நீளம் வெட்டினால் அடித்துணி இணைப்பே இல்லாமல் கிடைக்கும். மீதிச் சேலையில் நீளவாக்கில் இரண்டரை இன்ச் அகலத்துக்குப் பட்டி கிழித்துக்கொண்டால், அது 170 இன்ச்சுக்கு மேல் வரும். போர்வையின் சுற்றளவு 156 இன்ச்தான். துண்டுகளைத் தையலுக்குக் கால் இன்ச் சேர்த்து, ஆறரை இன்ச்சாக வெட்ட வேண்டும். அந்தக் கால் இன்ச் ஒவ்வொரு தையலிலும் ஒரே மாதிரி இருந்தால் மூலைகள் தானாகச் சேரும். அட்டையில் ஒரு அச்சு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், கண்ணளவு வேண்டாம்.

சாயம் போகும் துணியைக் கவனிக்காமல் விட்டால் எல்லா உழைப்பும் ஒரே துவையலில் போய்விடும். சிவப்பு, கருநீலம், மெரூன் மூன்றும்தான் பெரும்பாலும் வில்லன்கள். உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். ஏற்கெனவே சாயமேற்றிய துணிக்கு அது பெரிதாக உதவுவதில்லை. ஈரத்துணியின் மேல் வெள்ளைக் கைக்குட்டையைத் தேய்த்துப் பார்த்து, கறை ஏறினால் திரும்பத் திரும்ப அலச வேண்டும். அப்புறமும் நிற்கவில்லையென்றால் அந்தத் துணியை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு மூலையில் பெயரும் வருடமும் போட மறக்கக் கூடாது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1863-ல், வெர்மான்ட் மாநிலத்தில் ஜேன் ஸ்டிக்கிள் என்ற பெண் ஒரு போர்வை தைத்தார். நடுவில் மட்டும் 169 கட்டங்கள், எல்லாமே வெவ்வேறு டிசைன். இன்று அது பென்னிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துணி நைந்துபோகாமல் இருக்க வருடத்தில் சில வாரங்கள் மட்டும் வெளியே எடுத்து மாட்டுகிறார்கள். அதன் மூலையில் அவர் எழுதிவைத்தவை நான்கே தகவல்கள்: போர்க்காலம் என்ற குறிப்பு, வருடம், தன் பெயர், தைத்த துண்டுகளின் எண்ணிக்கை. 5,602. உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்!

நம் 42-ஐ எண்ண அவ்வளவு நேரம் ஆகாது. மார்க்கர் பேனா துவைக்கத் துவைக்க மங்கும். இரட்டை நூலில் சங்கிலித் தையலாகப் போட்டால் நிற்கும். யாருடைய சேலை, யாருடைய வேட்டி என்பதையும் அங்கேயே இரண்டு வார்த்தையில் தைத்துவிடலாம்.