மறைசாட்சிகளின் சாதி

ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்தில் 2008இல் கொல்லப்பட்ட காந்தேஸ்வர் டிகாலையும் அவருடைய தோழர்கள் 34 பேரையும் மறைசாட்சிகளாக அறிவிப்பதற்கான விசாரணையைத் தொடங்கத் தடையில்லை என்று 2023 அக்டோபரில் வத்திக்கான் தெரிவித்தது. பதினைந்து ஆண்டுகள் தாமதமானாலும் இது வரவேற்கத்தக்கதே. திருச்சபைச் சட்டப்படி ஒருவர் மறைசாட்சியாக ஏற்கப்பட வேண்டுமானால், விசுவாசத்தின் மீதான வெறுப்பினால் அவர் கொல்லப்பட்டார் என்பதும், அந்த விசுவாசத்துக்காக அவர் சாவை ஏற்றார் என்பதும் நிறுவப்பட வேண்டும். அந்த வெறுப்பில் சாதிக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்விக்கு இந்த விசாரணையில் இடமிருக்குமா என்பதே நம் கவலை. டிகால் என்பது கந்தமாலின் பாணர் சமூகத்தில் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர். பாணர்கள் அங்கே பட்டியல் சாதியினர்.

2008 ஆகஸ்ட் 23 அன்று சுவாமி லட்சுமணானந்த சரஸ்வதியும் அவருடன் இருந்த நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மாவோயிஸ்டுகள் பொறுப்பேற்ற பின்னரும் பழி கிறிஸ்தவர்கள் மீதே சுமத்தப்பட்டது. அடுத்த சில வாரங்களில் ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன; ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் காடுகளிலும் முகாம்களிலும் தஞ்சம் புகுந்தனர். இந்துவாக மாறினாலொழிய ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்று பல சிற்றூர்களில் அவர்களுக்கு நிபந்தனை விதிக்கப்பட்டது. பதிவான 827 வழக்குகளில் 315 வழக்குகள் குற்றப்பத்திரிகையே இல்லாமல் முடிக்கப்பட்டதையும், விசாரணை முடிந்த 362 வழக்குகளில் 78இல் மட்டுமே தண்டனை கிடைத்ததையும் 2016இல் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

மதம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த வன்முறையை அடக்கிவிட முடியாது. குயி மொழி பேசும் பாணர்கள் தங்களுக்குப் பழங்குடித் தகுதி கேட்டு வந்தனர். நிலமும் சிறுவணிகமும் பற்றிய பூசல்கள் கந்தர்களுக்கும் அவர்களுக்கும் இடையே நெடுங்காலமாகப் புகைந்துகொண்டிருந்தன. ஒரு தலைமுறைக்கு முன்பு ஏவலுக்கு நின்றவர்களின் பிள்ளைகள் படித்துத் தலைநிமிர்ந்து நடந்ததும் பலர் கண்ணை உறுத்தியது. சிலுவையை வெறுத்த கைகள் அந்தத் தலைநிமிர்வையும் சேர்த்தே வெறுத்தன.

இந்துவாக மாறும்படி கட்டாயப்படுத்தப்பட்ட பாணர் முன் இருந்த பேரத்தை நாம் உற்றுநோக்க வேண்டும். மாறினால் வீடு திரும்பலாம், உயிர் மிஞ்சும். அதோடு பட்டியல் சாதிச் சான்றிதழுக்கும் வழி திறக்கும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அத்தகுதியை முதலில் இந்துக்களுக்கு மட்டுமே அளித்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே நிற்கின்றனர். ஆகவே கலவரக்காரர் கத்தி முனையில் கேட்டதையே அரசாணை காகிதத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் மறுப்புச் சொன்ன ஏழைகளின் விசுவாசத்தை வெறும் பொறுமை என்று வருணிப்பது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

தமிழகத்துக்கும் இது புதிதல்ல. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர், தம்மைப் போன்ற இந்துத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாக வழங்கிய பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். அதே தெரு, அதே தோல், அதே ஊசி. மதம் மாறிய பின்னும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குச் சான்று போதாது என்று 1985இல் மனு தள்ளுபடியானது.

அந்தச் சான்று எறையூரில் கிடந்தது. கந்தமால் எரிந்த அதே 2008இல், ஐந்து மாதங்களுக்கு முன்பு, அன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்கள் அதே பங்கைச் சேர்ந்த வன்னியக் கத்தோலிக்கர்கள். காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தனர். சவ ஊர்வலப் பாதையிலும் கல்லறையிலும் அங்கே சாதி வேலி போட்டிருந்தது. 2016இல் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தில் இந்திய ஆயர் பேரவையே திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புதல் அச்சேறிவிட்டது, கல்லறைச் சுவர்கள் இன்னும் பல ஊர்களில் நிற்கின்றன.

துன்பத்தைச் சிலுவையாகச் சுமக்கச் சொல்லும் மறையுரைகளை நம் மக்கள் தலைமுறைகளாகக் கேட்டு வருகின்றனர். அந்தச் சொல் பலரை உயிரோடு வைத்திருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. முகாம்களில் செபமாலை தவிர வேறெதுவும் கையில் இல்லாதவர்களைக் கேலி பேசும் பகுத்தறிவு நமக்கு வேண்டாம். ஆனால் சிலுவை யார் தோளில், யாரால் ஏற்றப்பட்டது என்று கேட்கவிடாத மறையுரை, ஏற்றியவனுக்கே பயன்படுகிறது. 1981இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலை முன்வைத்தபோது அந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார். விடுதலை தேடி மதம் மாறியவர்களுக்கு விசுவாசத்தின் நோக்கம் சமத்துவமே.

நீதிமன்றங்களின் போக்கு எதிர்த்திசையில் உள்ளது. கிறிஸ்தவராக வாழும் ஒருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு போதகரின் வழக்கில் தீர்ப்பளித்தது. வசைபாடுகிறவருக்குத் தெரிந்த சாதி சட்டத்துக்கு மட்டும் தெரிவதில்லை. சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று 2007இலேயே ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. அதைச் செயல்படுத்தாமல், 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையத்தை ஒன்றிய அரசு அமைத்தது; அதற்கும் காலநீட்டிப்பு தரப்பட்டது.

கந்தமால் விசாரணையில் திருச்சபை பதிவு செய்யும் வாக்குமூலங்கள் ஒவ்வொன்றிலும் இறந்தவரின் சாதியும், தாக்கியவர்கள் அவரை எந்தப் பெயர் சொல்லி அழைத்தனர் என்பதும், கூலியும் நிலமும் பற்றிய முன்பகையும் எழுதப்பட வேண்டும். சூசையிடம் 1985இல் கேட்கப்பட்ட சான்று அந்தக் கோப்புகளில் இருக்கக்கூடும். அவற்றின் படிகளை ரோமுக்கு அனுப்பும் ஆயர்கள் புது தில்லிக்கும் அனுப்பட்டும்.