பெட்டியை மாற்றுங்கள், தீயை அல்ல

கேஸில் கறியைப் புகை போடுகிறேன் என்று டெக்சஸில் சொல்லிப் பாருங்கள், ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஜெர்மானியரும் செக் நாட்டவரும் குடியேறி நடத்திய இறைச்சிக் கடைகளில் வளர்ந்தது, அங்கே விறகில் புகை போடும் வழக்கம். அங்குள்ள லாக்ஹார்ட் ஊரின் பழைய கடைகளில் இன்றும் போஸ்ட் ஓக் விறகுதான் எரிகிறது. இரவெல்லாம் கண்விழித்து விறகு தள்ளுகிறவர்களை மதிக்கிறேன். ஆனால் எனக்குக் காலையில் வேலைக்குப் போக வேண்டும். அதனால் கொல்லைப்புறத்தில் புகை போட ஒரு கேஸ் பெட்டி.

கேஸ் என்றால் போலி என்பது வீண் பேச்சு. கேஸ் தருவது சூடு மட்டும். ருசி மரத்தின் புகையில் இருக்கிறது. குறை பெட்டியில்தான். கதவிலிருக்கும் வெப்பமானி முள் 225 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 107 செல்சியஸ் என்று சாதித்தபோது, கறித் தட்டருகே நான் வைத்த டிஜிட்டல் மானி 260 காட்டியது. அந்த முள்ளை நம்பி யாரும் மாட்டு நெஞ்சுக்கறியை வீணடிக்க வேண்டாம்.

அடுத்தது மரச்சீவல் தட்டு. மெல்லிய தகரம். அதில் போட்ட சீவல்கள் சட்டென்று பற்றிக்கொண்டு, கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகையைக் கக்கின. கறியில் கசப்பு ஏறுவது அதனால்தான். தட்டை எடுத்துவிட்டு வார்ப்பிரும்புச் சட்டி வைத்தேன். சீவலுக்குப் பதில் கைப்பிடியளவு ஹிக்கரி கட்டைகள், காய்ந்தவை. ஊறவைக்கச் சொல்வார்கள், ஊறிய கட்டை முதலில் ஆவியைத்தான் விடும். இப்போது மேல் துவாரத்தில் நீலம் பாய்ந்த மெல்லிய புகை, இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டிய அளவுக்கு. அதுதான் வேண்டியது.

கதவிடுக்கில் சூடு தாங்கும் பட்டை ஒட்டினேன். மேல் துவாரத்தை மட்டும் மூடவே கூடாது. காற்றில்லாமல் எரியும் தீ கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். கராஜுக்குள் வைத்து எரிப்பவர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

பெட்டி சரியானாலும், கறியின் உள்சூடு 160 டிகிரியை ஒட்டிப் பல மணி நேரம் அசையாமல் நிற்கும். வியர்வை உடலைக் குளிர்விப்பது மாதிரி, மேற்பரப்பின் ஈரம் ஆவியாகி அதைக் குளிர்விக்கிறது. பொறுமை இழந்து தீயைக் கூட்டினால் கறி வறண்டுபோகும். 200 தாண்டி, குத்தும் கம்பி வெண்ணெயில் போல இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சிலர் தீயை இன்னும் சிறிதாக்கக் குழாயில் கூடுதல் வால்வு பொருத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிறு தீ ஒரு காற்றில் அணைந்தால், காற்றைவிடக் கனமான புரொப்பேன் பெட்டியின் அடியில் தேங்கும். சூட்டைக் குறைக்கப் பெரிய தண்ணீர்த் தட்டு போதும். ரெகுலேட்டரிலும் பர்னரிலும் கை வைக்காதீர்கள். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள்; குமிழி வந்தால் உடனே வால்வை மூடிவிடுங்கள்.